குதிரைக்குச் செருப்பு

ஒன்பதாம் மாதம், இருபத்தாறாம் நாள்

மைத்துனன் ஒகுதானி ககெதோமோ எனக்கு மருந்து அனுப்பியிருக்கிறான். கரடிப் பித்தம். கறுத்து, கல் மாதிரி உறைந்து, மூங்கில் இலையில் சுற்றி, சிவப்புக் கயிறு கட்டி வந்தது. கொண்டுவந்த ஆள் நெற்றி தரையில் பட விழுந்து வணங்கினான். எங்கள் பிரபு உங்கள் வயிற்றை நினைத்து மிகவும் கவலைப்படுகிறார் என்றான்.

என் வயிறு எப்படி இருக்கிறது என்று உன் பிரபுவுக்கு யாரப்பா சொன்னது?

எனக்கு வயிற்றுவலி என்பது இந்தக் கோட்டையில் இரண்டே பேருக்குத்தான் தெரியும். ஒருத்தி என் மனைவி ஹிசா, ககெதோமோவின் தங்கை. இன்னொருவன் ஜின்பெய், என் படைத்தலைவன், சின்ன வயதிலிருந்து என்னோடு மரவாள் சுழற்றி வளர்ந்தவன். போன மாதம் ககெதோமோ வீட்டில் நிலா பார்க்கும் விருந்துக்குப் போனபோதுகூட நான் வாயைத் திறக்கவில்லை. பாட்டுக்கு நடுவே இரண்டு தடவை எழுந்து வெளியே போய்விட்டு வந்தேன், அவ்வளவுதான். கை வயிற்றின் மேல் இருந்திருக்கலாம். அதை வைத்து யார் என்ன கண்டுபிடித்துவிட முடியும்?

ஹிசா பித்தத்தில் ஒரு துளி சுரண்டி எடுத்து, முகத்தைச் சுளித்துக்கொண்டு விழுங்கினாள். கல்யாணமான நாளிலிருந்து என் தட்டில் முதல் வாய் அவள்தான் எடுப்பாள். யாரும் கேட்டுச் செய்வதல்ல, அவளாகவே பிடித்துக்கொண்ட வழக்கம். "நல்ல சரக்குதான். சாப்பிடுங்க" என்றாள்.

நான் சாப்பிடவில்லை.

ஒன்பதாம் மாதம், இருபத்தேழாம் நாள்

கரடிப் பித்தத்தை வேட்டை நாய்க்குக் கொடுத்தேன். ஒன்றும் ஆகவில்லை. சில விஷங்கள் மெதுவாகத்தான் வேலை செய்யும்.

பத்தாம் மாதம், நான்காம் நாள்

நாய் முன்னைக்கு இப்போது நன்றாகச் சாப்பிடுகிறது. மிச்சப் பித்தத்தை அகழியில் எறியச் சொன்னேன். எனக்கு வலி குறையவில்லை.

பத்தாம் மாதம், ஒன்பதாம் நாள்

காலையில் குதிரை லாயத்தின் கூரையைப் பார்த்தேன். மேற்கு மூலையில் வைக்கோல் மக்கிப் போயிருக்கிறது, பனி விழுவதற்குள் மாற்ற வேண்டும். பெண்கள் சீமைப் பனிச்சைப் பழங்களைத் தோல் சீவிக் காய்வதற்காகக் கூரை விளிம்பில் கோத்துத் தொங்கவிட்டிருந்தார்கள். அதை நிம்மதியாகப் பார்க்கவிட்டார்களா? ஜின்பெய் ஓடிவந்தான். எல்லையிலுள்ள தோரிகுபி கணவாய்க்கு நேர் எதிரே உள்ள முகட்டில் ஒகுதானி ஆட்கள் காவல் கோபுரம் ஒன்றைக் கட்டி முடித்துவிட்டார்களாம். அங்கிருந்து பார்த்தால் கணவாய் முழுவதும் உள்ளங்கை மாதிரி தெரியும் என்றான்.

எதற்குக் கோபுரம்? சமாதானம் செய்து பதினேழு வருடம் ஆகிறது. அந்தச் சமாதானத்துக்கு ஈடாகத்தான் ஹிசாவை எனக்குக் கட்டிக்கொடுத்தார்கள். எங்கள் ஹிராமட்சு குலம் சிறியது, அவர்களுடையது பெரியது. அவள் இந்த வீட்டில் இருக்கும்வரை அவர்கள் படையெடுக்க மாட்டார்கள் என்று பேச்சு. பிறந்த இரண்டு குழந்தைகளும் தங்கவில்லை. எனக்குப் பிறகு இந்தக் கோட்டை யாருக்கு என்று மைத்துனன் மனக்கணக்குப் போட்டிருக்க மாட்டானா என்ன?

வயிற்றுவலி தெரிகிறது. கோபுரம் எழுகிறது. இங்கிருந்து பேச்சு போகிறது. ஹிசாவா, ஜின்பெய்யா? இரண்டில் ஒன்று. கண்டுபிடிக்காவிட்டால் வசந்தம் வருவதற்குள் இந்தக் கோட்டை போய்விடும், என் தலையும் கூடவே போகும்.

ஹிசாவாக இருந்தால் அவளை என்ன செய்வது? அதை நினைத்தால் வலி கூடுகிறது.

பத்தாம் மாதம், பதினான்காம் நாள்

நானே என்னை மெச்சிக்கொள்ளும்படி ஒரு யோசனை தோன்றியது. ஆளுக்கொரு பொய்.

இருபத்தெட்டாம் நாள் அப்பாவின் நினைவு நாள். எல்லையோர மடாலயத்துக்கு நான் போக வேண்டும். ஹிசாவிடம், இந்தத் தடவை தோரிகுபி கணவாய் வழியாக, பத்தே பேரோடு, சத்தமில்லாமல் போகப்போகிறேன் என்றேன். ஜின்பெய்யிடம் ஆற்றுவழியாகப் படகில் போவதாகச் சொன்னேன். இரண்டு பேரிடமும் வேறு யாருக்கும் மூச்சுவிடக் கூடாது என்று சொல்லிவைத்தேன். நான் எங்கேயும் போகப்போவதில்லை, இங்கேதான் கணப்படுப்பு அருகில் உட்கார்ந்திருக்கப்போகிறேன். எந்த வழியில் ஒகுதானி ஆட்கள் பதுங்குகிறார்களோ, அந்த வழியைக் கேட்டவர்தான் குற்றவாளி. இதில் ஓட்டை எங்கே இருக்கிறது?

பத்தாம் மாதம், பதினேழாம் நாள்

படகுகள் எப்போதும் துறையில் கட்டித்தான் கிடக்கின்றன, ஜின்பெய் பொய்யை நம்பிவிடுவான். ஹிசா அப்படியல்ல. மலை வீட்டில் பிறந்தவள். நிலச்சரிவில் பாலம் போய் மூன்று வருடமாக ஆள் நடமாட்டமில்லாத கணவாயில் நான் குதிரையில் போகிறேன் என்றால் சிரித்துவிடுவாள். பொய் மெய்யாகத் தெரிய வேண்டும்.

அதனால் கணவாய்க்கு முப்பது ஆட்களை அனுப்பினேன். புதர் வெட்டினார்கள், சரிந்த இடத்தில் பாலம் போட்டார்கள். கல் பாதையில் குதிரைக் குளம்பு வழுக்காமலிருக்கக் கட்டும் வைக்கோல் செருப்புகளைக் கட்டுக் கட்டாகப் பின்னச் செய்து, வழியிலிருக்கும் இரண்டு தங்கல் குடிசைகளிலும் தொங்கவிடச் சொன்னேன். ஒரு பெரும்படையே நடக்கலாம்போல் பாதை பளிச்சென்று ஆகிவிட்டதாம். ஒரு பொய்க்கு எவ்வளவு பாடு!

ஜின்பெய் வந்து மெல்லக் கேட்டான். படகில்தானே போகிறோம், கணவாய்ப் பாலம் இப்போது எதற்கு என்று. உனக்கெதற்கு அது என்றேன். முகம் சுருங்கிப் போனான். கேள்வி கேட்பவனையும் கவனித்துக்கொண்டுதான் இருக்க வேண்டும்.

பத்தாம் மாதம், இருபத்துமூன்றாம் நாள்

ஹிசா எனக்குப் பஞ்சு வைத்த காலுறை தைத்துக்கொண்டிருக்கிறாள். கணவாயில் இந்த மாதம் கால் விறைத்துப்போகுமாம். பத்துப் பேர் போதாது, இன்னும் பத்துப் பேரைக் கூட்டிக்கொண்டு போங்கள் என்று சொல்லிக்கொண்டே ஊசி கோத்தாள். கூட்டிக்கொண்டு போகச் சொல்கிறாளே என்று ஒரு கணம் மனம் இளகியது. பிறகுதான் பொறிதட்டியது. எத்தனை பேர் வருகிறார்கள் என்று உறுதிசெய்துகொள்கிறாள்.

காலுறை அளவு சரியாக இருந்தது.

பத்தாம் மாதம், இருபத்தெட்டாம் நாள்

பிடித்துவிட்டேன்.

ஆற்றில் ஈ காக்கை இல்லை. தோரிகுபி கணவாயில் ஒகுதானி ஆட்கள் நாற்பது பேர், ஈட்டியும் வில்லுமாக, பாலத்தின் அந்தப் பக்கம் படுத்துக் கிடந்திருக்கிறார்கள். வாயில் காவல் தலைவன் கன்ரொக்குவை நான் ஆட்களோடு முன்கூட்டியே மரங்களுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தேன். ஒரே பாய்ச்சல். அவர்கள் சிதறி ஓடிவிட்டார்கள், ஒருவன் மட்டும் கையில் சிக்கினான். கட்டி இழுத்துவந்து நெற்களஞ்சியத்துக்குப் பக்கத்து அறையில் போட்டிருக்கிறார்கள்.

முதலில் அவனை விசாரிப்போம் என்றான் ஜின்பெய். விசாரிக்க என்ன இருக்கிறது? கணவாய் என்று நான் சொன்னது ஒரே ஒருத்தியிடம்.

சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். என் கணக்கு அவ்வளவு சரியாக வந்திருக்கிறது. ஆனால் அறைக்குத் திரும்பியதும் கிண்ணத்தை எடுத்தேன், குடிக்காமலே வைத்துவிட்டேன். பதினேழு வருடம். அவள் ஆண்பிள்ளையாக இருந்திருந்தால் இன்றைக்கே வெட்டியிருப்பேன்.

பதினொன்றாம் மாதம், இரண்டாம் நாள்

ஹிசாவைப் பிறந்த வீட்டுக்கே அனுப்பிவிட்டேன். கொல்லவில்லை. ஊரில் இன்னொருவனாக இருந்தால் கொன்றிருப்பான். இதை எல்லோரும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

விஷயத்தைச் சொன்னதும் அவள் அழவில்லை, மறுக்கவும் இல்லை. ஒன்று கேட்டாள். "கல்யாணத்தன்னைக்கு எங்க வீட்டு வாசல்ல நெருப்பு மூட்டினாங்களே, ஞாபகம் இருக்கா?"

இல்லாமல் என்ன? எங்கள் பக்கத்தில் எல்லாப் பெரிய வீடுகளிலும் அதே வழக்கம்தான். பிணம் வெளியேறும்போது வாசலில் மூட்டுகிற நெருப்பை மணப்பெண் கிளம்பும்போதும் மூட்டுவார்கள். இனி நீ எங்களுக்குச் செத்தவள், திரும்பி வராதே என்று அர்த்தம். என் அம்மாவுக்கும் அப்படித்தான் மூட்டினார்கள்.

"செத்தவ திரும்பிப் போய் வாசல்ல நின்னா யாருங்க கதவு திறப்பா? எனக்கு இருக்கிறது இந்த ஒரு வீடுதான். இங்கேயே ஒரு மூலைல பூட்டி வைங்க. அனுப்ப மட்டும் செய்யாதீங்க" என்றாள்.

எப்படிப் பேசுகிறாள் பாருங்கள்! அண்ணனுக்கு உளவு சொல்லத் தெரிகிறது, அண்ணன் வீட்டுக்குப் போகமட்டும் வழியில்லையாம். என் காதில் பூச்சுற்றப் பார்த்தாள். வெள்ளைப் பல்லக்கில் ஏற்றி, நான்கு தூக்கிகளோடு ஆற்றோரப் பாதையில் அனுப்பினேன். பல்லக்கு வளைவு திரும்பும்வரை வாயில் கோபுரத்தில் நின்றேன். வேறு வேலை எதுவும் இல்லாததால் நின்றேன்.

இரவு உணவு வந்தது. முதல் வாய் எடுக்க ஆள் இல்லை. திருப்பி அனுப்பிவிட்டேன்.

பதினொன்றாம் மாதம், நான்காம் நாள்

என் அனுமதி இல்லாமல் ஜின்பெய் அந்தக் கைதியிடம் பேசியிருக்கிறான். அவனை இழுத்துக்கொண்டே என் முன்னால் வந்தான். பிரபு, இவன் சொல்வதை உங்கள் காதால் கேளுங்கள், பிறகு என் தலையை வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள் என்றான். ஜின்பெய் என்னிடம் இப்படிப் பேசியதே கிடையாது.

கைதி சேற்று வயலில் நாற்று நடுகிறவன், கையைப் பார்த்தாலே தெரிந்தது. அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"மூணு வருஷமா ஆள் போகாத பாதைங்க. திடீர்னு புதர் வெட்டுறீங்க, பாலம் போடுறீங்க, குதிரைச் செருப்பு கட்டித் தொங்கவிடுறீங்க. எல்லாம் எங்க கோபுரத்துலேருந்து தெரிஞ்சுது. உங்க படை எங்க மேல வருதுன்னு பயந்துட்டோம். அன்னைக்கு மட்டும் வரலைங்க, பாலம் போட்ட நாள்லேருந்து அங்கதான் படுத்துக் கிடந்தோம்."

பொய். சொல்லிக்கொடுத்ததை ஒரு வார்த்தை பிசகாமல் ஒப்பிக்கிறான். யாரிடம் யார் சொன்னார்கள் என்று கேட்டேன். யாரும் சொல்லவில்லை, கண்ணால் பார்த்தோம் என்றான். மறுபடி கேட்டேன். மறுபடி அதையே சொன்னான். அடிக்கச் சொன்னேன். அடி வாங்கிக்கொண்டும் அதையே சொன்னான்.

ஜின்பெய்யைக் குதிரையில் ஆற்றோரப் பாதையில் அனுப்பியிருக்கிறேன், ஹிசாவை அழைத்துவர. அந்த நடவுக்காரன் சொன்னதை நம்பி அல்ல. அவள் இங்கே இல்லையென்றால் சமாதானம் இல்லை, அதற்காகத்தான். பிணைப்பொருளை யாராவது கையைவிட்டுக் கொடுப்பார்களா?

இன்னொரு உத்தரவும் போட்டேன். சண்டை வந்தாலும் வரும். அந்தத் திசையிலிருந்து யார் வந்தாலும், என்ன பெயர் சொன்னாலும், ஜின்பெய்யைத் தவிர யாருக்கும் என்னைக் கேட்காமல் வாயிலைத் திறக்கக் கூடாது. கன்ரொக்குவிடம் இரண்டு தடவை சொல்லவைத்துக் கேட்டுக்கொண்டேன்.

பதினொன்றாம் மாதம், ஐந்தாம் நாள்

பனி. காலையிலிருந்து ஓயவில்லை. லாயத்தின் கூரையை இன்னும் மாற்றவில்லை, குதிரைகள் நனைகின்றன. ஒரு வேலை உருப்படியாக நடக்கிறதா இங்கே?

சோற்றைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஆறிவிட்டது. அவள் உட்காரும் இடத்தைப் பார்க்காமல் இருக்கலாம் என்று முகத்தைத் திருப்பினால் அந்தப் பக்கம் அவளுடைய தையல் பெட்டி இருக்கிறது. வீடு வீடாக இல்லை. எழுதிவிட்டேன், இருக்கட்டும்.

பதினொன்றாம் மாதம், ஆறாம் நாள்

ஒகுதானி ககெதோமோ என்னை எவ்வளவு முட்டாள் என்று நினைத்திருக்கிறான்!

பொழுது சாயும் நேரத்தில் கன்ரொக்கு வந்தான். வாயிலில் ஒரு பெண் நிற்கிறாளாம். வைக்கோல் கோட்டு, கிழிந்த வைக்கோல் தொப்பி, காலில் ஒன்றும் இல்லை. தனியாக, பனியில், நடந்து வந்திருக்கிறாள். நான்தான் இந்த வீட்டு அம்மா என்கிறாளாம்.

நான் யோசித்தேன். நன்றாகவே யோசித்தேன். ஹிசாவை அழைத்துவர ஜின்பெய் போயிருக்கிறான். அவள் வருவதென்றால் அவனோடு, பல்லக்கில் வருவாள். ஒகுதானி வீட்டுப் பெண், என் மனைவி, வெறுங்காலோடு நடந்து வருவாளா? அப்படியானால் இவள் யார்? நான் இளகிவிட்டேன் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. இருட்டுகிற நேரத்தில் ஒரு பெண்ணைக் காட்டிக் கதவைத் திறக்கவைத்து, மரங்களுக்குப் பின்னால் ஐம்பது பேரை நிறுத்தியிருப்பார்கள். நானாக இருந்தால் அப்படித்தான் செய்வேன்.

அவள் முகத்தைப் பார்த்தாயா என்றேன். தொப்பியை எடுக்கச் சொல்லிப் பார்த்தேன், உதடு வெடித்து முகம் வீங்கியிருக்கிறது, சரியாகத் தெரியவில்லை, ஆனால் அம்மா மாதிரித்தான் இருக்கிறது பிரபு என்றான். குளிரில் அவனுக்குப் பல் அடித்துக்கொண்டது. என்ன சொல்கிறாள் என்று கேட்டேன்.

"'அங்கேயும் திறக்கலை, இங்கேயாவது திறங்க'ங்கிறாங்க, பிரபு."

நானே வாயில் கோபுரத்துக்குப் போனேன். கீழே ஏதோ ஒரு உருவம் நின்றது. விளக்கைத் தூக்கினால் எங்கள் ஆட்களின் இடம் தெரிந்துவிடும், தூக்க வேண்டாம் என்றேன். மேலே காலடிச் சத்தம் கேட்டிருக்க வேண்டும், அவள் என் பெயரைச் சொன்னாள். நொரிசானே என்று. ஒரே ஒரு தடவை.

அந்தப் பெயரை யார்தான் சொல்ல முடியாது? குரலும் கரகரப்பாக இருந்தது. திறக்காதே என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன்.

இப்போது கணப்படுப்பு அருகில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். கை இன்னும் சூடாகவில்லை. நான் செய்தது சரிதான்.

பதினொன்றாம் மாதம், ஏழாம் நாள்

ஹிசா வந்துவிட்டாள். ஜின்பெய் தூக்கிக்கொண்டு வந்தான்.

பதினொன்றாம் மாதம், பன்னிரண்டாம் நாள்

நேற்று எல்லாம் முடிந்தது. இன்றைக்குத்தான் தூரிகையைக் கையில் எடுக்க முடிந்தது.

ஓடிவந்த தூக்கிகளிடமும் வழியில் இருந்தவர்களிடமும் கேட்டு ஜின்பெய் சொன்னதை எழுதிவைக்க வேண்டும். ஒகுதானி வாசலில் பல்லக்கை இறக்கியதும் காவலர்கள் ககெதோமோவைப் போய்க் கேட்டிருக்கிறார்கள். என் தங்கைக்குப் பதினேழு வருடத்துக்கு முன்பே நெருப்பு மூட்டியாகிவிட்டது, வாசலில் நிற்பது ஹிராமட்சு அனுப்பிய வேவுக்காரி என்று பதில் வந்திருக்கிறது. அம்பு விட்டார்கள். தூக்கிகள் பல்லக்கைப் போட்டுவிட்டு ஓடிவிட்டார்கள். ஆற்றோரப் பாதையில் அவர்களுடைய குதிரைவீரர்கள் சுற்றியதால் அவள் காட்டுக்குள் புகுந்து மலையடிவாரமாகவே நடந்திருக்கிறாள். அதனால்தான் ஜின்பெய் அவளை வழியில் பார்க்கவில்லை. வழியில் ஒரு விறகுவெட்டி வைக்கோல் கோட்டும் தொப்பியும் கொடுத்திருக்கிறான். மூன்று நாள் நடந்து வீட்டுக்கு வந்திருக்கிறாள்.

அகழிக்கு அந்தப் பக்கம் இருக்கும் பைன் மரத்தடியில் கிடந்தாள். காற்று படாத பக்கமாக ஒதுங்கி, வாயிலைப் பார்த்தபடி.

கன்ரொக்கு குற்றத்துக்கு ஈடாகத் தன் வயிற்றைக் கிழித்துச் சாக அனுமதி கேட்டான். திறக்காதே என்றது நீங்கள்தானே என்று அவன் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். அனுமதி கொடுக்கவில்லை. அந்த நடவுக்காரனை அவிழ்த்துவிட்டு, கொஞ்சம் அரிசி கொடுத்து அனுப்பச் சொன்னேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று தெரியவில்லை.

அழுதேன். யாரும் இல்லாதபோது, அவள் முகத்தைத் துடைத்துவிட்டு, சத்தமாகவே அழுதேன். கால் இரண்டும் கல்லாக இருந்தன. எனக்குத் தைத்த காலுறைகளை அவளுக்குப் போட்டுவிட்டேன். பெரிதாக இருந்தன, நழுவிக்கொண்டே இருந்தன, கயிறு வைத்துக் கட்டினேன். அவள் குரலை நான் அன்றைக்கு அடையாளம்

இதற்கு மேல் இதை எழுத வேண்டாம்.

ஜின்பெய்தான் மனதை உறுத்துகிறான். சடங்கு முழுக்க அழுதுகொண்டே இருந்தான். அப்பா செத்தபோது அவன் அழுது நான் பார்த்ததில்லை, அவன் சொந்தத் தம்பி செத்தபோதும் அழவில்லை. இன்று காலை வந்து, தலையை மழித்துக்கொண்டு மடாலயத்துக்குப் போகிறேன், விடை கொடுங்கள் என்கிறான். என் முகத்தைப் பார்த்துப் பேச மறுக்கிறான். என் மனைவிக்கு இவன் எதற்கு இவ்வளவு அழ வேண்டும்? அவ்வளவு பனியில் நேராக அந்த மரத்தடிக்கு எப்படிப் போனான்? மடாலயம் எல்லையில் இருக்கிறது. அங்கிருந்து ஒகுதானி கோட்டை எத்தனை தூரம்?

இருக்கட்டும். உடனே விடை கொடுக்க வேண்டாம். நாளைக்கு அவனைத் தனியாகக் கூப்பிட்டு ஒரு பொய் சொல்லிப் பார்க்க வேண்டும்.